திருப்பணி அலுவலகம் படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோலாலம்பூரில் பல வருடம் திட்ட மேலாண்மை அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்த ஆள் நான். வந்த மறுவாரமே கோயில் கமிட்டி என்னைப் பிடித்துப் போட்டது. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திருப்பணி, பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம், முடிவில் கும்பாபிஷேகம். இத்தனைக்கும் சேர்த்து ஒரு தற்காலிக அலுவலகம் வேண்டும் என்றார்கள். வாடகைக்கு ஒரு காபின், ஒரு மேசை, காற்றாடி, வெள்ளைப் பலகை, பகுதிநேரமாக ஒரு பிள்ளை, ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர், அப்புறம் நான். அவ்வளவுதான் அலுவலகம்.

பெரிய கம்பெனியில் நான் பார்த்த நோய்கள் அத்தனையும் அந்தக் காபினுக்குள்ளும் வந்தன. கோயிலோ, தமிழ்ப்பள்ளி இணைக்கட்டடமோ, எதற்காக இப்படி ஓர் அலுவலகம் போட்டிருந்தாலும் கீழே உள்ளது பொருந்தும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களிடம் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே போங்கள்.

அறிகுறி: அலுவலகம் திறந்தாகிவிட்டது, ஆனால் எல்லாரும் இன்னும் தலைவருக்கே போன் அடிக்கிறார்கள்

சோதித்துப் பார்க்க ஒரு வழி. காபினில் இருக்கும் பிள்ளையிடம், "ஒரு லோரி மணல் வேண்டும், நீ சொன்னால் வருமா?" என்று கேளுங்கள். "செயலாளர் அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் நீங்கள் நடத்துவது அலுவலகம் இல்லை, தபால்பெட்டி.

காரணம் அநேகமாக ஒன்றுதான்: அதிகாரம் வாயால் கொடுக்கப்பட்டிருக்கும், தாளில் இருக்காது. பி.எம்.ஐ என்ற அமெரிக்கத் திட்ட மேலாண்மை அமைப்பு இத்தகைய அலுவலகங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆலோசனையும் படிவமும் கொடுத்து ஆதரவாக மட்டும் இருப்பது ஒன்று, விதிப்படி நடக்கிறதா என்று பார்த்துக் கட்டுப்படுத்துவது இரண்டு, வேலையைத் தானே நேரடியாக நடத்துவது மூன்று. நம் ஊரில் என்ன ஆகிறது என்றால், கமிட்டி மனதில் முதல் வகை இருக்கிறது, குத்தகையாளர் (கட்டட வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவர்) மூன்றாவது வகையை எதிர்பார்த்து வருகிறார், காபினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் எந்த வகை என்றே தெரியாது.

ஒரே ஒரு பக்கக் கடிதம் போதும். அலுவலகம் எதற்கு, எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தத் தேதியில் மூடப்படும், யார் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரை சம்மதம் சொல்லலாம், எந்த விஷயங்களில் வாயே திறக்கக் கூடாது. எங்களுடையதில் 500 வெள்ளி வரை காபின், 5,000 வரை செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து, அதற்கு மேல் கமிட்டி. ஆகமம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் குருக்கள், அதில் ஒரு வெள்ளி செலவு என்றாலும் நாங்கள் பேசவில்லை. இந்தக் கடிதத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் வாசித்துக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். மூடும் தேதியை எழுதும்போது எல்லாரும் சிரிப்பார்கள், "இன்னும் தொடங்கவே இல்லையே தம்பி" என்பார்கள். எழுதுங்கள்.

கடிதம் எழுதியும் தீரவில்லையா? அப்படியானால் தலைவரிடம் தனியாகப் பேச வேண்டும். எங்கள் தலைவர் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் பசியாறிக்கொண்டே மணல்காரருக்குத் தானே போன் போட்டுவிட்டார். காபினும் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு லோரி மணல் வந்து இறங்கி, ஒன்று கோயில் வாசலையே அடைத்துவிட்டது. விளக்கு ஏற்ற வந்த அம்மாக்கள் மணலில் ஏறி இறங்கிப் போனார்கள். அன்றைக்கு அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது எந்தக் கடிதத்தையும்விட நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "காபின்ல கேளுங்கப்பா" என்பதுதான் அவர் பதில்.

அறிகுறி: ஒரே விஷயம் மூன்றாவது கூட்டத்திலும் வருகிறது

எங்களுக்கு அது தரை ஓடு. வழுக்கும், வழுக்காது, சிவப்பு, சாம்பல், ஈப்போவில் மலிவு, வேண்டாம் இங்கேயே வாங்கலாம். முடிவு எடுத்தாகிவிட்டது என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள், மீதிப்பேர் அன்றைக்கு வரவே இல்லை.

கூட்டக் குறிப்பு இதற்கு உதவாது. யார் என்ன பேசினார் என்று நான்கு பக்கம் இருக்கும், என்ன முடிவானது என்று தேட வேண்டியிருக்கும். தனியாக ஒரு முடிவுப் புத்தகம் வையுங்கள், பள்ளிப்பிள்ளை நோட்டு போதும். ஒவ்வொரு முடிவுக்கும் எண், தேதி, முடிவு ஒரே வரியில், யார் பொறுப்பு, எத்தனை வெள்ளி. பொறுப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். "கமிட்டி" என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம், "அண்ணனும் மாமாவும்" என்று எழுதினால் அண்ணன் மாமாவைப் பார்ப்பார், மாமா அண்ணனைப் பார்ப்பார். முடிவை மறுபடி திறக்க விலை மாற வேண்டும், ஆபத்து தெரிய வேண்டும், அல்லது குருக்களோ ஸ்தபதியோ ஆகாது என்று சொல்ல வேண்டும். மற்றபடி "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு எண்ணைக் காட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

அறிகுறி: முகூர்த்தத் தேதி நெருங்குகிறது, வேலை "எண்பது விழுக்காடு முடிந்தது"

இதுதான் பெரிய நோய், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த எண்பதை நம்பாதீர்கள். ஐந்து வாரமாக அதே எண்பதாக இருக்கிறதா? விழுக்காட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு எண்ணிக்கை கேளுங்கள். எத்தனை சுதைச் சிற்பத்துக்கு வண்ணம் பாக்கி, எத்தனைக்குச் சுதையே பாக்கி, மேல்நிலையில் எத்தனை, கீழே எத்தனை. எங்கள் கிராணி ஐயா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக் கணக்கு எழுதியவர். கோபுரத்தின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரல்விட்டு எண்ணி, ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதுவார்: மிச்சம் இத்தனை. அந்த எண் இறங்கினால் வேலை நடக்கிறது, இறங்காவிட்டால் நடக்கவில்லை. கணினியில் போட்ட வண்ண வண்ண அட்டவணைகளைவிட அந்தப் பலகைதான் ஊருக்குப் புரிந்தது.

இரண்டாவது, தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்டீர்களா, இன்றிலிருந்து முன்னோக்கிப் போட்டீர்களா என்று பாருங்கள். மற்ற திட்டங்களில் கடைசித் தேதியைத் தள்ளலாம், இதில் முடியாது. குருக்கள் குறித்துக் கொடுத்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டால், தள்ளினால் அடுத்தது ஆடி, அல்லது மார்கழி, அந்த மாதங்களில் யாரும் வைக்க மாட்டார்கள். பின்னோக்கிப் போனால், முகூர்த்தத்துக்கு முன் யாகசாலை, யாகசாலைக்கு முன் அந்த இடம் காலியாக வேண்டும், காலியாக வேண்டுமென்றால் சாரம் பிரித்திருக்க வேண்டும், சாரம் பிரிக்க வண்ணம் முடிந்திருக்க வேண்டும், வண்ணத்துக்குச் சுதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் "இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே போனால் உங்கள் உண்மையான கடைசித் தேதி முகூர்த்தத்துக்கு எத்தனையோ வாரம் முன்னாலேயே இருப்பது தெரியும். எங்களுக்கு அது சாரம் பிரிக்கும் நாள். பலகையில் கும்பாபிஷேகத் தேதியை அழித்துவிட்டு அதைத்தான் பெரிதாக எழுதினோம்.

மூன்றாவது மழை. மேற்குக் கரையில் ஏப்ரல் ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் கொட்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், ஆனாலும் அட்டவணை போடும்போது எல்லாருக்கும் மறந்துவிடுகிறது. அந்த மாதங்களில் வெளிவேலைக்கு அரைநாள்தான் கணக்கு. தார்ப்பாய் வாங்குவது அலுவலக வேலை, யாரும் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

நான்காவது சிற்பிகள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களின் வேலை பெர்மிட் உங்கள் கையில் இல்லை. எனவே அது ஒரு வேலை இல்லை, ஓர் இடர், அதை இடர்ப்பட்டியலில் முதல் வரியாக எழுதி, வராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இங்கேயே இருக்கும் சிற்பிகளை வைத்து எந்தப் பகுதியைத் தொடங்கலாம், எதை விட்டுவைக்கலாம் என்று ஸ்தபதியிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. இன்னொன்று, வந்தவர்களின் பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று காபின் அலமாரியில் வைத்துப் பூட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தும் நாள் போதவில்லை என்றால் வெட்ட வேண்டியதுதான். முகூர்த்தத்துக்கு எது இல்லாமல் முடியாது என்று குருக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கர்ப்பக்கிரகம், விமானம், கோபுரம், யாகசாலை. கலியாண மண்டபம் அந்தப் பட்டியலில் இல்லை! ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மண்டபத்தில்தான் நின்றார்கள், ஏனென்றால் நன்கொடை கொடுத்தவர் ஒருவர் அடிக்கடி வந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தைத் தனித் திட்டமாகப் பிரித்து, தனிக் கணக்கு, தனித் தேதி கொடுத்தோம். அவர் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்புறம் சரியானார்.

அறிகுறி: குத்தகையாளர் திடீரென்று வேலைக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை

கோபப்படுவதற்கு முன் உங்கள் கோப்பைத் திறந்து, அவர் கடைசியாகக் கொடுத்த கட்டணக் கோரிக்கைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று பாருங்கள். பதிலே இல்லையா? அப்படியானால் தப்பு முதலில் உங்கள் பக்கம். கட்டுமானத் துறையில் கட்டணத் தகராறுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சீப்பா என்பார்கள், 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்து, அந்தச் சட்டத்தின்படி உங்களுக்குக் கோரிக்கை வந்தால் பதில் கொடுக்கப் பத்து வேலை நாள்தான். பதில் இல்லையென்றால் முழுத் தொகையையும் மறுத்ததாகவே எடுத்துக்கொண்டு அவர் தீர்ப்பாளரிடம் போகலாம். கோயில் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கோரிக்கையும் வந்த தேதியை முத்திரை குத்தி, பத்தாவது வேலை நாளைப் பலகையில் எழுதுவது காபினின் வேலை.

பணம் கொடுத்தும் வரவில்லையா? எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். வேலைக்கு முந்திப் பணம் ஓடியிருந்தால் அவருக்கு வர அவசரமே இல்லை. ஒவ்வொரு தவணையிலும் பத்து விழுக்காட்டைப் பிடித்து, மொத்த ஒப்பந்தத்தில் ஐந்து விழுக்காடு சேரும் வரை வைத்திருப்பது இங்கே பரவலான வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பிடிக்க முடியும். "நம்ம பையன்தானே" என்று எழுதாமல் விட்டவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

தொடங்கும் முன் பார்த்திருக்க வேண்டிய இன்னொன்று, சி.ஐ.டி.பி என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் அவருக்குள்ள பதிவு. ஜி1 தரக் குத்தகையாளர் 200,000 வெள்ளி வரையிலான வேலையைத்தான் எடுக்கலாம், ஜி2 என்றால் 500,000. அந்த 500,000ஐத் தாண்டிய ஒப்பந்தத்துக்கு அந்த வாரியத்துக்குக் கட்ட வேண்டிய 0.125 விழுக்காடு லெவியும் உண்டு. மலிவு என்று ஜி1 ஆளிடம் பெரிய வேலையைக் கொடுத்துவிட்டு, அவர் திணறி ஓடிப்போனதும் காபினைத் திட்டுவது நியாயம் இல்லை.

அறிகுறி: ரசீதும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை

பெரும்பாலும் திருட்டு இல்லை. வசூலித்த ரொக்கத்திலிருந்தே யாரோ சிமெண்டுக்குக் கொடுத்திருப்பார்கள், சாப்பாட்டுக்குக் கொடுத்திருப்பார்கள், பில்லைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்திருப்பார்கள். வசூல் முழுவதும் வங்கிக்கு, செலவு முழுவதும் வங்கியிலிருந்து, நடுவில் கைமாற்று கிடையாது. சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு சின்னத் தொகை, தீர்ந்தால் பில்லைக் காட்டி நிரப்பிக்கொள்வது. ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டு, எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று எழுதி, வாரம் ஒருமுறை திரும்ப வாங்குங்கள். எங்கள் காணாமல் போன புத்தகம் ஒன்று கடைசியில் ஒருவருடைய மோட்டார் கூடையில் இருந்தது, மழையில் ஊறி.

காபின் தனிச் சங்கம் இல்லை. தனிப்பட்ட ஆள் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பதிவு பெற்ற கோயில் சங்கத்தின் கணக்கில்தான் எல்லாம் போக வேண்டும், ஏனென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பும் அறிக்கையில் அது வந்தாக வேண்டும். அதேபோல, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்படியான வரிவிலக்கு அனுமதி கையில் வருவதற்கு முன்பே "வரிவிலக்கு உண்டு" என்று ரசீதில் அடித்துவிடாதீர்கள். கம்பெனிக்காரர்கள் அதை நம்பித்தான் கொடுப்பார்கள்.

எங்கள் சுங்கை சிப்புட்டுக்காரரான அரசியல் தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகள் போட்ட சிறுதொகைகளைச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார். சின்னத் தொகைக்குச் சீட்டு கேட்கும் பழக்கம் இங்குள்ள பெரியவர்களுக்கு நன்றாகவே உண்டு. ஐந்து வெள்ளி கொடுத்த பாட்டி ரசீது கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

அறிகுறி: "வாட்ஸ்அப்பில் போட்டேனே, பார்க்கவில்லையா?"

குழுவில் காலை வணக்கமும் பிறந்தநாளும் ஓடுகிறதா? அதில் முடிவு எதுவும் பேசாதீர்கள். அறிவிப்புக்கு மட்டும் ஒரு குழு, அட்மின் மட்டும் எழுதும்படி. முடிவு என்றால் முடிவுப் புத்தகத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அதில் போடுங்கள். குரல்பதிவில் வந்த விலைக்குப் பொருள் வாங்காதீர்கள். போதும்.

அறிகுறி: உள்ளூர் நகர மன்றத்திலிருந்தோ நில அலுவலகத்திலிருந்தோ கடிதம் வந்து வேலை நின்றுவிட்டது

இதைக் காபினால் சரிசெய்ய முடியாது, முன்பே தவிர்த்திருக்கத்தான் முடியும். தோட்டத்துக் கோயில்கள் பல தோட்டம் இருந்த காலத்தில் நிர்வாகத்தின் நிலத்தில் வாய்வார்த்தையில் எழுந்தவை. தோட்டம் கைமாறி, செம்பனையும் போய், வீடமைப்பு வந்த பிறகு நிலம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வரைபடம், நன்கொடை, ஸ்தபதி எல்லாவற்றுக்கும் முந்தி நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுத்துப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் வந்தேவிட்டால், அதை மேசைக்கடியில் வைக்காமல் அன்றைக்கே கமிட்டிக்கும் பொறியாளருக்கும் கொடுங்கள், வந்த தேதி, பதில் சொல்லக் கடைசித் தேதி இரண்டையும் உறையிலேயே எழுதுங்கள். வேலையை இருட்டில் தொடரலாம் என்று யோசனை சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கு ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: காபின் ஆட்கள் களைத்துப் போய் ஒவ்வொருவராக விலகுகிறார்கள்

நாள் முழுக்க அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எங்கள் பிள்ளை செங்கல் எண்ணிக்கொண்டிருந்தாள், சிற்பிகளுக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள், மைக் செட் தேடினாள், பத்திரிகைக்குப் பிழை திருத்தினாள். நல்ல பிள்ளை, மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அந்த வாரம் முடிவுப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அலுவலகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் வேலை யார் செய்யவில்லை என்று பார்க்க ஆள் இருக்காது. சாப்பாட்டுக்கு மகளிர் பகுதி, செங்கலுக்குக் குத்தகையாளரின் மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று பெயர் போட்டுக் கைமாற்றினோம். அவள் சம்பளத்தையும் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே வரவுசெலவில் எழுதினோம். அதுவரை அவளுக்கு மாதாமாதம் பொருளாளர் ஞாபகம் வந்தால்தான் சம்பளம், விலகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் சொன்னாள்.

அறிகுறி: கும்பாபிஷேகம் முடிந்தும் காபின் மூடவில்லை

மண்டலாபிஷேகம் 48 நாள் நடக்கும்போது காபின் இருக்கலாம், கணக்கு முடிக்க அந்த நாள் தேவைப்படும். அதற்குப் பிறகும் இருந்தால் அங்கே கேரம்போர்டு வந்துவிடும், எங்களுக்கு வந்தது.

மூடுவதற்கு மூன்று கைமாற்றம் பாக்கி இருக்கும். பிடிப்புத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் யாருக்கு விடுவிக்க வேண்டும் என்பது பொருளாளருக்கு. குறைபாட்டுப் பட்டியல், ஒப்பந்தத்தில் உள்ள பழுதுப் பொறுப்புக் காலம் முடியும் நாளோடு, செயலாளருக்கு. முடிவுப் புத்தகமும் வரைபடங்களும் கோயில் அலமாரிக்கு, ஏனென்றால் அடுத்த கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும்போது யாராவது அதைத் தேடுவார்கள். மண்டபம் தனித் திட்டம் என்பதால் அது முடியும்போது அதன் சி.சி.சி, அதாவது கட்டடம் விதிப்படி முடிந்தது என்ற சான்றிதழ், தனியாக வரும். 2007 ஏப்ரலிலிருந்து அதை மன்றம் கொடுப்பதில்லை, வரைபடம் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் கொடுக்கிறார், எனவே அவருக்குப் பாக்கி வைத்துவிட்டு மன்றத்து வாசலில் போய் நிற்காதீர்கள்.

49ஆவது நாள் காலையில் காபினை எடுத்துப் போக லோரிக்குச் சொல்லிவைத்திருந்தோம். கோபுரத்தில் ஒரு யாளிக்கு வண்ணம் உரிகிறது என்று சொல்ல ஒருவர் அப்போதுதான் வந்து நின்றார். செயலாளர் வீட்டைக் காட்டி, குறைபாட்டுப் பட்டியலில் அடுத்த எண் பதினேழு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கேரம்போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.